தங்கமும் கோகோவும் விளையும் கானா ஏன் கடனில் விழுந்தது?

ஆப்பிரிக்காவில் அதிகத் தங்கம் எடுக்கும் நாடு எது என்று கேட்டால் நம்மில் பலர் தென்னாப்பிரிக்கா என்றுதான் சொல்வோம். அது பழைய கணக்கு. சில ஆண்டுகளாகவே அந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானாவுக்குப் போய்விட்டது. கோகோவிலும் அப்படித்தான், பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்தால் உலகக் கோகோவில் பாதிக்கு மேல் வந்துவிடும். 2010 டிசம்பரிலிருந்து கடலுக்கடியிலிருந்து கச்சா எண்ணெயும் எடுக்கிறார்கள். மக்கள்தொகையோ மூன்று கோடிக்குச் சற்று மேல், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த நாடு 2022 டிசம்பரில், வாங்கிய வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்கு இப்போதைக்குத் தவணை கட்ட முடியாது என்று அறிவித்தது.

"ஊழல், வேறென்ன" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஊழல் இருக்கிறது, இல்லையென்று கானாக்காரர்களே சொல்லமாட்டார்கள். ஆனால் நாளைக்கே எல்லோரும் உத்தமர்களாகிவிட்டாலும் அந்தப் பொருளாதாரம் நடக்கும் விதத்தில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். அந்தச் சிக்கலைத்தான் இங்கே முடிந்தவரை எளிதாகச் சொல்லப் பார்க்கிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

கோகோவிலிருந்து ஆரம்பிப்போம், அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கானாவில் கோகோ பெரும்பாலும் பெரிய எஸ்டேட்டுகளில் விளைவதில்லை. சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், சுமார் 8 லட்சம் குடும்பங்கள், இதை நம்பி இருக்கிறார்கள். அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் காயை வெட்டி எடுத்து, உடைத்து, வெள்ளைச் சதையோடு வழுவழுவென்று இருக்கும் விதைகளை வாழையிலை மேல் குவித்து, மேலேயும் வாழையிலை போட்டு மூடி ஆறேழு நாள் புளிக்க விடுவார்கள். சாக்லேட்டின் வாசனை பிறப்பதே அந்தப் புளிப்பில்தான், அதைச் சரியாகச் செய்வதால்தான் கானா கோகோவுக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர், கொஞ்சம் கூடுதல் விலையும். அப்புறம் மூங்கில் தட்டியில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, வெயிலில் காயவைத்து, சொத்தையும் குப்பையும் பொறுக்கி, சாக்கில் அடைத்து ஊரில் இருக்கும் கொள்முதல் குமாஸ்தாவிடம் கொண்டுபோவார்கள். சாக்கோடு சேர்த்து ஒரு மூட்டை 64 கிலோ, பதினாறு மூட்டை சேர்ந்தால் ஒரு டன்.

அந்த இடத்தில் பேரம் என்பதே கிடையாது. விலையை அரசு நிர்ணயிக்கிறது, நாடு முழுவதும் ஒரே விலை. கோகோபாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கானா கோகோ வாரியத்தின் வேர் 1947இல், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் உருவான சந்தை வாரியத்தில் இருக்கிறது. குமாஸ்தாக்கள் உரிமம் பெற்ற கொள்முதல் கம்பெனிகளுக்காக வாங்குவார்கள், கம்பெனிகள் கோகோபாட்டுக்குக் கொடுக்கும், கோகோபாட் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விற்கும். இதைக் கேட்டதும் "அரசு ஏன் நடுவில் புகுகிறது, சந்தையிடம் விட்டுவிடலாமே" என்று தோன்றலாம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கோகோ விலை லண்டன், நியூயார்க் சந்தைகளில் தினமும் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் முழுவதும் மூன்று ஏக்கர்காரரின் தலையில் விழாமல் ஒரு சீசன் முழுக்க ஒரே விலை தரலாம் என்பதுதான் கணக்கு. இன்னொரு பக்கம், விற்ற விலைக்கும் விவசாயிக்குக் கொடுத்த விலைக்கும் நடுவே நிற்கும் தொகை நீண்ட காலமாக அரசாங்கத்துக்கு வருமானமாகவும் இருந்திருக்கிறது. இரண்டும் உண்மை.

விலை முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் கோகோவை முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும். நம்மூரில் மாமரம் பூத்திருக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விடுகிறார்கள் அல்லவா, காய் எவ்வளவு வரும், அன்றைக்கு மாம்பழம் என்ன விலை விற்கும் என்று தெரியாமலேயே கை நீட்டிப் பணம் வாங்கிவிடுகிறோம், கிட்டத்தட்ட அதே மாதிரி. வரப்போகும் அறுவடையின் பெரும்பகுதியை கோகோபாட் முன்பே விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிடும். அந்த ஒப்பந்தங்களை வைத்து, 1990களின் தொடக்கத்திலிருந்து 2023-24 வரை வருடாவருடம் வெளிநாட்டு வங்கிகளின் கூட்டமைப்பிடம் பெரிய கடன் வாங்கிவந்தது, சில வருடங்களில் 100 கோடி டாலருக்கு மேல். சீசன் தொடங்கும் நேரத்தில் அந்த டாலர் நாட்டுக்குள் வந்தது. அது மத்திய வங்கியின் கையிருப்பில் சேர்ந்தது, அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம், அதாவது சீடி, கொள்முதலுக்குப் போனது. ஆக கோகோ என்பது விவசாயியின் வருமானம் மட்டுமில்லை, நாட்டின் நாணயத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2023-24 சீசனுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் அரசு அறிவித்த விலை மூட்டைக்கு 1,308 சீடி, அன்றைய மதிப்பில் டன்னுக்கு சுமார் 1,800 டாலர். ஏற்றுமதிக்கான ஒப்பந்தங்கள் டன் 2,600 டாலர் அளவில் ஏற்கெனவே போட்டாகிவிட்டன. அந்த நேரத்துக்கு அது மோசமான விலை இல்லை. அதன்பின் வானிலை கெட்டது, மரங்களைக் கொல்லும் தண்டு வீக்க வைரஸ் நோய் பரவியது, பல தோட்டங்களைத் தங்கம் தோண்டுபவர்கள் அழித்தார்கள், உரமும் மருந்தும் போதுமான அளவு கிடைக்கவில்லை. 2020-21இல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் அடி வாங்கியதால் உலகமே கோகோவுக்குத் தவிக்க, 2024 மார்ச், ஏப்ரலில் விலை டன் 10,000 டாலரைத் தாண்டியது, அந்த டிசம்பரில் 12,000ஐயும்.

உலகச் சந்தை வரலாறு காணாத விலையைக் காட்டிக்கொண்டிருக்க, கானா விவசாயிக்குக் கிடைத்ததோ 1,308 சீடி. 2024 ஏப்ரலில் அரசு அதை 2,070 ஆக்கியது, டாலரில் சொன்னால் டன்னுக்கு 2,500 போல. அன்றைய உலக விலையில் கால்வாசிதான். கோகோபாட் பணத்தை அமுக்கிக்கொண்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்த விலை அதன் கைக்கே வரவில்லை என்பதுதான் இதில் வேதனை. முன்பே 2,600க்கு விற்றாகிவிட்டது. அதிலும் விற்ற அளவுக்குச் சரக்கு இல்லாமல், மூன்று லட்சம் டன்னுக்கு மேல் அடுத்த சீசனுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று, அதுவும் பழைய விலையிலேயே. அதனால் விலை உச்சத்தில் இருந்த அடுத்த சீசனிலும் விளைந்ததில் ஒரு பகுதி பழைய பாக்கியைத் தீர்க்கப் போனது. எல்லையோர விவசாயிகள் சிலர் மூட்டைகளை இரவோடு இரவாக டோகோவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கடத்தி விற்றார்கள். ஒரு மூட்டைக்கு அந்தப் பக்கம் கூடுதலாகக் கிடைப்பதைக் கண்ணால் பார்க்கிறவரை வெறுமனே கடத்தல்காரர் என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அரசு விலையை ஏற்றாமல் இல்லை. 2024 செப்டம்பரில் மூட்டைக்கு 3,000 சீடி என்றும், 2025 அக்டோபரில் 3,625 என்றும் ஆக்கியது. ஆனால் 2025 இறுதிக்குள் உலக விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நல்ல விலை விவசாயியிடம் வந்து சேரும்போது சந்தை வேறு பக்கம் திரும்பியிருந்தது. கோகோபாட்டின் நிலையும் மோசம், கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகளோடு வைத்திருந்த வருடாந்திர ஏற்பாட்டையே 2024-25இல் கைவிட வேண்டிய கட்டாயம்.

மூலப்பொருளை விற்றுப் பிழைக்கும் பொருளாதாரம் என்று சொல்வது இதைத்தான். விளைவிப்பது நீங்கள், விலை வைப்பது வேறு யாரோ, விலை ஏறினாலும் இறங்கினாலும் அடி மட்டும் உங்களுக்கு.

"அப்படியென்றால் கோகோவை ஏன் அப்படியே விற்கிறார்கள், சாக்லேட்டாகச் செய்து விற்க வேண்டியதுதானே?" நல்ல கேள்வி, கானாவில் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வியும்கூட. டெமா துறைமுக நகரத்தில் கோகோ அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன, உள்ளூர் சாக்லேட்டும் உண்டு, சுவையும் நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் பாலும் சர்க்கரையும் பெரும்பாலும் இறக்குமதி, அந்த வெயிலில் சாக்லேட்டைக் குளிர்ச்சியில் வைக்க மின்சாரச் செலவு, தொழிலுக்கு வங்கிக் கடன் வாங்கினால் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டிய காலங்கள் உண்டு. அதைவிடப் பெரிய தடை, சாக்லேட் தின்கிற சந்தை ஐரோப்பாவில் இருக்கிறது, அங்கே ஆலைகள் நூறு ஆண்டுக்கு மேலாக வேரூன்றிவிட்டன. ஒரு கோகோ மரம்கூட வளராத நெதர்லாந்து உலகின் பெரிய கோகோ அரைவை மையங்களில் ஒன்று என்பதே போதும், மூலப்பொருள் இருக்கிற இடத்துக்குத் தொழிற்சாலை தானாக வந்துவிடாது என்று புரிந்துகொள்ள.

இந்தக் கதை கோகோவோடு நிற்கவில்லை. அகோசொம்போ அணையை எடுத்துக்கொள்வோம். முதல் தலைவரான குவாமே இன்க்ரூமா வோல்டா ஆற்றின் குறுக்கே 1960களில் கட்டியது, உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று அதனால் உருவானது. மின்சாரம் எடுத்து டெமாவில் அலுமினியம் உருக்குவது, அதற்கு வேண்டிய பாக்சைட் என்ற தாதுவைக் கானா மண்ணிலேயே எடுப்பது, இதுதான் கனவு. அணை வந்தது, உருக்காலையும் வந்தது. ஆனால் பாக்சைட்டை, உருக்கத் தயாரான அலுமினா என்ற தூளாக மாற்றும் நடு ஆலை வரவே இல்லை. அதனால் அவாசோ சுரங்கத்தின் பாக்சைட் கப்பலேறி வெளியே போகிறது, டெமா உருக்காலைக்கு அலுமினா கப்பலேறி உள்ளே வருகிறது! எண்ணெயிலும் இதே நிலைதான், கச்சா எண்ணெய் ஏற்றுமதி, பெட்ரோல் டீசல் இறக்குமதி. 1963இல் தொடங்கிய டெமா சுத்திகரிப்பு ஆலை கடந்த பல ஆண்டுகளில் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் உதாரணமும் உண்டு, முந்திரி. கானா உட்பட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளையும் முந்திரிக்கொட்டையில் பெரும்பகுதி உடைக்கப்படாமலேயே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் வருகிறது. பண்ருட்டிப் பக்கம் ஆலைகளில் உடைபடும் கொட்டைகளில் உள்ளூர் விளைச்சல் மட்டுமில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் நிறைய. வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் அந்த வேலைகளுக்கான கூலி பண்ருட்டியில் தங்குகிறது. அது நமக்கு நல்லதுதான், ஆனால் கானாவில் இல்லாமல் போன வேலைகள் எப்படிப்பட்டவை என்பதையும் அதே ஆலைக்குள் பார்த்துவிடலாம்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். சீடியைத் தலைநகர் அக்ராவில் கொடுத்து என்ன வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் துபாயிலோ ஷாங்காயிலோ அதை யாரும் தொடமாட்டார்கள். அரிசி, உறைய வைத்த கோழி, மருந்து, வண்டி உதிரிபாகம், பெட்ரோல் எல்லாவற்றையும் டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தக்காளிகூட பக்கத்து நாடான புர்கினா பாசோவிலிருந்து லாரி லாரியாக வருகிறது. டாலர் எங்கிருந்து வரும்? தங்கம், கோகோ, எண்ணெய் விற்ற காசு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் கானாக்காரர்கள் அனுப்பும் பணம், அப்புறம் கடன். இந்த வரவு குறைந்து, டாலர் கேட்கிறவர்கள் கூடினால் சீடி சரியும்.

அது சாதாரண மனிதரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்குக் கென்கேயைச் சொல்லலாம். புளிக்கவைத்த மக்காச்சோள மாவை உருண்டையாக்கி, இலையிலோ சோளக் கதிரின் தோலிலோ சுற்றி வேகவைத்து, பொரித்த மீனும் காரமான மிளகாய்த் துவையலும் வைத்துச் சாப்பிடுவது. உள்ளூர்ச் சோளம், உள்ளூர்ப் பெண்கள் அவித்து விற்பது, டாலருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் சோளத்துக்குப் போட்ட உரம் இறக்குமதி, சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த லாரியின் டீசல் இறக்குமதி, மீன்பிடிப் படகின் மோட்டாருக்கு ஊற்றும் எரிபொருளும் அப்படியே, பொரிக்கும் எண்ணெயிலும் ஒரு பங்கு வெளியிலிருந்து வருவது. சீடி சரிந்தால் இவை எல்லாம் ஏறும், விற்கிற அம்மா ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் உருண்டையைச் சிறிதாக்க வேண்டும். 2022இல் இதுதான் நடந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 6 சீடி, நவம்பரில் 14ஐத் தாண்டிவிட்டது. டிசம்பரில் பணவீக்கம் 54.1 சதவீதம், அதாவது போன வருடம் 100 சீடிக்கு வாங்கிய பொருள்கள் இப்போது 154. சம்பளம் அப்படி ஏறவில்லை. உழைப்பவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களே இல்லை, சந்தையில் கடை விரிப்பவர்கள், ட்ரோ-ட்ரோ என்கிற மினி பஸ் ஓட்டுபவர்கள், தையல்காரர்கள், தலைச்சுமை தூக்கும் பெண்கள். இவர்களுக்கு அகவிலைப்படி யார் கொடுப்பார்கள்?

கடன் எப்படி இவ்வளவு ஏறியது என்றால், நல்ல காலத்தில்தான் ஏறியது. 2000களின் தொடக்கத்தில் ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் கானாவின் பழைய கடன்களில் பெரும்பகுதி தள்ளுபடியானது. 2007இல் கடலில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், அதே ஆண்டு முதல்முறையாக உலகச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்று 75 கோடி டாலர் திரட்டினார்கள். எண்ணெய் வந்ததும் 2011இல் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் வளர்ந்தது. கடன் கொடுக்க உலகமே வரிசையில் நின்றது. அரசு ஊழியர் சம்பளத்தை ஏற்றினார்கள், மின்வெட்டைப் போக்கத் தனியார் மின்நிலையங்களோடு அவசர ஒப்பந்தம் போட்டார்கள், பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் காசு கொடுக்கும் நிபந்தனைகள் அதில் இருந்தன. தேர்தல் வருடம் வந்தால் செலவு கூடும், இரண்டு பெரிய கட்சிகளும் இதில் ஒன்றுதான். 2017இல் மேல்நிலைப் பள்ளியை இலவசமாக்கினார்கள், அதை வீண்செலவு என்று சொல்ல என்னால் முடியாது, ஆனால் அதற்கான நிரந்தர வருமானத்தை யாரும் உருவாக்கவில்லை. வரி வசூலோ பொருளாதாரத்தின் அளவோடு பார்த்தால் குறைவு. கொரோனாவும் உக்ரைன் போரும் வந்தபோது, வரியாக வருவதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. டாலரில் வாங்கிய கடன் என்பதால் சீடி சரியச் சரியக் கடன் தானாகவே வீங்கியது, ஒரு பைசா புதிதாக வாங்காமலேயே.

இலங்கை 2022 ஏப்ரலில் கைவிரித்தது, அதே ஆண்டு டிசம்பரில் கானா. 2023 மே மாதம் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் கானா அந்த நிதியத்திடம் போனது அது 17ஆவது முறை. வெளிநாட்டுப் பத்திரதாரர்கள் 2024 அக்டோபரில் அசலில் 37 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு முன்பே உள்நாட்டில் அரசுப் பத்திரம் வைத்திருந்தவர்களிடம் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் மாற்றிக்கொள்ளச் சொன்னது அரசு. வாழ்நாள் சேமிப்பை அரசுப் பத்திரத்தில் போட்டிருந்த ஓய்வூதியர்கள் 2023 தொடக்கத்தில் நிதி அமைச்சகத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து போராடினார்கள், முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அகுஃபோவும் அவர்களோடு வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஓய்வூதியர்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் வங்கிகள் பெரிய நட்டத்தை ஏற்றுக்கொண்டன.

2025இல் நிலைமை தலைகீழானது. ஜனவரியில் பதவியேற்ற ஜான் மகாமா அரசு செலவைக் குறைத்தது, சிறு சுரங்கக்காரர்களின் தங்கத்தை வாங்கி ஏற்றுமதி செய்யும் உரிமையை கோல்ட்பாட் என்ற புது வாரியத்திடம் கொடுத்தது. அதைவிட முக்கியம், உலகத் தங்க விலை. அந்த அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. 15க்கு மேல் இருந்த டாலர் மே மாதத்தில் 10 சீடி அளவுக்கு இறங்கியது, செப்டம்பரில் பணவீக்கம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் முதல்முறையாக ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. மக்களுக்குப் பெரிய நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2024லேயே ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தங்கம்தான், இப்போது அந்தச் சார்பு இன்னும் கூடியிருக்கிறது. தங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கோகோ ஏற்கெனவே காட்டிவிட்டது.

அந்தத் தங்கத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. கலாம்சே என்று அங்கே சொல்லப்படும் அனுமதியில்லாத சுரங்கங்கள் ஆற்றங்கரைகளையும் கோகோ தோட்டங்களையும் இயந்திரம் வைத்துத் தோண்டுகின்றன, தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள். பிரா ஆறு தேநீர் நிறத்தில் ஓடுகிறது. 2024இல் கேப் கோஸ்ட் பகுதிக்குக் குடிநீர் தரும் சுத்திகரிப்பு நிலையம், வந்த தண்ணீரில் சேறு அளவுக்கு மீறி இருந்ததால் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது. ஒரு கோகோ கன்று நட்டால் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும், அதற்குள் விலை என்னவாகும் என்று தெரியாது, மரத்துக்கு நோய் வந்தால் வெட்ட வேண்டும். இன்றைக்கே கையில் பணம் தருகிறேன், நிலத்தைக் கொடு என்று கேட்டு ஒருவர் வந்தால் வயதான விவசாயி கொடுத்துவிடுகிறார். அவரிடம் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவதில் பயனில்லை. கோகோவுக்கு நிலையான, கட்டுப்படியாகும் விலையும், கலாம்சேக்குப் போகும் இளைஞர்களுக்கு வேறு வேலையும் கொடுக்காதவரை ராணுவத்தை அனுப்பினாலும் நிற்காது, பல அரசுகள் அனுப்பியும் பார்த்துவிட்டன.